வராத மாடலுக்கு ஒரு தட்டு

என் கணவருக்குக் கடையில் இருக்கும் பொருள் எதுவும் பிடிக்காது. இன்னும் கடைக்கு வராத பொருள்தான் பிடிக்கும். கல்யாணமான புதிதில் இதை நல்ல ரசனை என்று நினைத்தேன். இப்போது துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்று வீடெல்லாம் சோப்புத் தண்ணீர் ஓடும்போது, அந்த ரசனையை வாய்விட்டே திட்டுகிறேன். அந்த இயந்திரத்துக்கும் புது மாடல் வருகிறதாம்.

ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அவர் அதிகம் காத்திருந்தது ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு. தொலைக்காட்சியில் மாட்டி, கையில் பிடித்து ஆடுகிற அந்த கேம் பெட்டிதான். மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில், அவர் கார் சாமான் கடையில் வேலை செய்கிறார். வேலை முடிந்ததும் இரண்டு நண்பர்களோடு மாமாக் கடையில், அதாவது இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் தேநீர்க் கடையில், உட்கார்ந்துவிடுவார். மூன்று பேருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. மூன்று பேர் வீட்டிலும் அந்தப் பெட்டியும் கிடையாது.

பெட்டி முதலில் வந்தபோது, முதல் சரக்கில் கோளாறு இருக்கும் என்றார்கள். அடுத்த சரக்கு வந்தபோது, ஒல்லி மாடல் வரும் என்றார்கள். ஒல்லி வந்தது, சக்தி கூடின மாடல் பின்னாலேயே வரும் என்றார்கள். அதுவும் வந்தது. இப்போது அதற்கும் ஒரு திருத்தம் வருகிறதாம். உள்ளே விசிறி மாறுகிறதாம், சிடி போடும் இடத்தையே எடுத்துவிடப் போகிறார்களாம், அடியில் இருக்கும் ரப்பர் காலைக்கூட விடவில்லையாம். இதையெல்லாம் சொல்வது கைப்பேசியில் ஒரு காணொளிக்காரர். எதைக் காட்டினாலும் அதன்மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி போடுவார். அம்புக்குறியைப் பார்த்துவிட்டால் என் கணவருக்கு அது உண்மை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். எங்களுக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள். எதிரே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, "புது ஃபிரேம் எப்ப வருது சிஸ், அப்ப வரேன்" என்பார்கள். அதுவரைக்கும் எப்படி வீடு போய்ச் சேர்வீர்கள் என்று கேட்கத் தோன்றும். சில நாள் கேட்டும் விடுவேன். முதலாளிக்கு அது பிடிக்காது.

இதெல்லாம் எங்கள் வீட்டுக் கூத்தாக இருந்தவரையில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. என் நாத்தனார் மகள் பெரியவளானபோதுதான் சிரிப்பு நின்றது.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. அதனால் அந்த வீட்டில் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது பிள்ளையின் பெரியப்பா, வைத்ததுதான் சட்டம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் எங்களுக்குப் பிள்ளை.

இரண்டு வீடு தள்ளி இருந்த பையன்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது. பள்ளி விட்டதும் பை வைத்த கையோடு அங்கே ஓடிவிடுவாள். அந்த வரிசை வீட்டுப் பையன்கள் ஒருவனாலும் அவளை ஜெயிக்க முடியாது. நானே ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஆடினாள். பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெரியவளான அன்றே பெரியப்பா சொல்லிவிட்டார், இனிமேல் பையன்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று. அது எனக்குப் புதிதில்லை. எனக்கும் இதே கதைதான். பள்ளியில் நான் பூப்பந்து ஆடுவேன். வயதுக்கு வந்ததும் என் கையிலிருந்து மட்டையை வாங்கி அலமாரிமேல் வைத்தார்கள். சடங்கு முடியட்டும் என்றார்கள். அப்புறம் பரீட்சை முடியட்டும் என்றார்கள். 'வேண்டாம்' என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வழக்கத்தில் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். பட்டு, வளையல், பழம், பலகாரம் என்று தட்டுத் தட்டாக. "மாமாகிட்ட என்னம்மா வேணும்?" என்று என் கணவர் கேட்டதற்கு, அவள் நகை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. அந்தப் பெட்டியைக் கேட்டாள். என் கணவர் பூரித்துப்போனார். தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அவள்தான் என்று மாமாக் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடி பிறந்தது. ஆடியில் புதுப்பொருள் வாங்கக் கூடாது என்றார். சரி, சடங்கே ஆவணியில்தானே என்று விட்டுவிட்டேன். ஆவணி பிறந்ததும் காணொளிக்காரர் ஒரு புது அம்புக்குறியைப் போட்டுவிட்டார்.

"சபார்லா," என்றார் என் கணவர். மலாய்க்காரர்கள் பொறுமை என்பதற்குச் சொல்லும் சொல். அவர் வாயில் வந்தால் அதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம். "திருத்தின மாடல் வருதுலா. இப்ப வாங்குனா பழசாயிடும். புள்ளைக்குப் பழசா குடுக்கறது?"

பிள்ளை எனக்குத்தான் தொலைபேசியில் பேசினாள்.

"அத்தை, மாமா வாங்கிட்டாரா?"

"பாத்துக்கிட்டு இருக்காரும்மா. புது மாடல் ஏதோ வருதாம்."

"எந்த மாடலா இருந்தாலும் பரவால்ல அத்தை. அவனுங்க வீட்டுல என் ஆட்டத்த பாதியில சேவ் பண்ணி வெச்சிருந்தேன். அத அழிச்சிட்டானுங்களாம். அழிச்சா என்ன, நான் முதல்லேருந்து ஆடுவேன். ஆனா எங்க போய் ஆடுறது அத்தை?"

அந்தப் பெட்டி அவளுக்குப் பரிசுப் பொருள் இல்லை. அது அந்த வீட்டுக்குள் வராவிட்டால், அவள் ஆட்டம் அதோடு முடிந்தது. என் கணவர் திருத்தின விசிறியையும் ரப்பர் காலையும் எண்ணிக்கொண்டிருந்தார், அங்கே ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "பொறுத்தா நல்லதா வரும்னா பொறுக்கட்டுமே. பொம்பளப் புள்ளைக்கு அதுல என்ன அவசரம்?" என்றார். பெரியப்பாவுக்கோ இந்தப் புது மாடல் கதை தேனாக இனித்தது. பெட்டி வேண்டாம் என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவானேன்? வரட்டும் என்று சொன்னால் போதுமே. இது என் கணவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் நிஜமாகவே நம்பிக் காத்திருந்தார். அவர் காத்திருப்பதை வைத்து மற்றவர்கள் காரியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சடங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, கூடத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் சாமான் நிறைந்திருந்தது. ஒரே ஒரு தட்டில் மட்டும் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு படம். அழகாக பிளாஸ்டிக் உறை ஒட்டி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"என்னாங்க இது?"

"புது மாடல்," என்றார் பெருமையாக. "படத்த இப்ப சீர்ல வெச்சிடுவோம். சாமான் வந்தோன்ன குடுத்துடலாம். ஜெராக்ஸ் கடைக்காரரே சூப்பர் ஐடியான்னுட்டாரு."

"இன்னும் யாருமே பாக்காத மாடலுக்குப் படம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது யாரோ ஒரு ரசிகர் கம்ப்யூட்டர்ல வரஞ்சது. ஆனா கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்லா."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அதைத் தாண்டிக்கொண்டு கோபம் வந்தது. எவரோ முகம் தெரியாத ஆள் வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் வரைந்த பெட்டிக்கு, இவர் பொட்டு வைத்து, பாக்கு வைத்து, மேளம் கொட்டிக் கொண்டுபோகப் போகிறார். சபையில் அந்தப் பிள்ளை அதைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

"இத அவகிட்ட நீட்டுனீங்க, நான் சீருக்கு வரமாட்டேன்," என்றேன். "தாய்மாமன் தனியாத் தட்டத் தூக்கிக்கிட்டுப் போங்க."

"சபார்லா..."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னீங்கன்னா அந்தப் படத்துலயே உங்களுக்குச் சோறு போடுவேன்."

மறுநாள் கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, என் சம்பளப் பணத்தோடு கேம் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கடைக்காரத் தம்பி, "மகனுக்கா அக்கா?" என்றார். நாத்தனார் மகளுக்கு என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, புது மாடல் ஒண்ணு வருதாம்லா. வெயிட் பண்றீங்களா?" என்றார். நல்ல மனுஷர்தான், என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் காருக்கு நடந்தபோது கை வலித்தது. வலி எனக்குப் பிடித்திருந்தது. படத்துக்குக் கனம் கிடையாதே.

என் கணவர் அதைப் பார்த்ததும் முதலில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த மாடல் எண்ணைப் படித்தார். "பழைய விசிறிதான்," என்று முனகினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே அந்தப் பிளாஸ்டிக் படத்தை எடுத்துவிட்டு, பெட்டி அந்தத் தட்டில் கொள்ளாததால் வாழைப்பழத் தாம்பாளத்தைக் காலி செய்தார். பொட்டையும் அவரே வைத்தார். இதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிதான் மன்னித்தேன்.

சடங்கு வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நடந்தது. மேளத்தோடு சீர் வரிசை உள்ளே போனது. பட்டுப்புடவையில், கழுத்து கொள்ளாத மாலையோடு பிள்ளை மேடையில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை வீடியோக்காரர் பிடித்தாரா இல்லையா தெரியாது, நான் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் சலசலப்பு. "சீர்ல கேம் பெட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, கேம் பெட்டிதான்," என்று திரும்பி நின்று சொல்லிவிட்டு அவள் முன்னால் வைத்தேன்.

பெரியப்பா எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் கணவரைக் கைகாட்டினார்.

"தம்பி ஏற்கெனவே சொன்னாப்ல, புது மாடல் வருதுன்னு. சீல் பிரிக்காம இருந்தா கடையில மாத்திக்கலாம்லா. நான் என் பீரோவுல பத்திரமா வெக்கிறேன். புதுசு வந்தோன்ன மாத்திக் குடுத்துடலாம்."

சொல்லிக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் போனார். என் கணவர் வாயைத் திறந்து மூடினார். நாத்தனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் பூப்பந்து மட்டை போன வழியிலேயே இதுவும் போகப் போகிறது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அதற்குள் பிள்ளை பெட்டியின் மறுபக்கத்தில் கையை வைத்துவிட்டாள். இழுக்கவில்லை, விடவும் இல்லை. இன்னொரு கையை நீட்டி, வெற்றிலைத் தட்டில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்தாள். அதன் நுனியால் மூடியில் ஒட்டியிருந்த சீல் நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகக் கிழித்தாள். மேளக்காரர்கூட ஒரு நொடி அடிக்க மறந்துபோனார்.

"ஐயோ, பிரிச்சிட்டியேம்மா! இனிமே மாத்த முடியாதே!"

"மாத்த வேணாம் பெரியப்பா," என்றாள். "வீட்டுல இருன்னு சொன்னீங்க, நான் இருக்கேன்ல. இதும் என்கூட இங்கயே இருக்கட்டும்."

பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன செய்வார்? அவர் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள், கூடாரத்தின் ஓரத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்ற அந்த இரண்டாவது வீட்டுப் பையன்களைப் பார்த்து, மாலையும் பட்டுமாக உட்கார்ந்தபடியே அவள் கத்தினாள்:

"டேய்! நாளைக்கு இங்க வாங்கடா. என் வீட்டுல வெச்சுத் தோக்கடிக்கிறேன்."

நாத்தனார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அவள் போகக் கூடாது என்றுதான் சட்டம் போட்டிருந்தார்கள். பையன்கள் இங்கே வரக் கூடாது என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இப்போது தோன்றிவிடும் போலிருந்தது.

"பசங்க வந்தா தேத்தண்ணி கலக்க நானும் நாளைக்கு வரேன் அண்ணி," என்றேன். "யாரு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."