அபாகஸ் போடும் கை

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பஸ் ஸ்டாப்பில் நானும் செல்வியும் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறோம். செல்வி உப்பளத்தில் வேலை செய்பவர். மகளுக்குத் துணையாக அபாகஸ் வகுப்புக்குப் போனவர்; மகள் பாதியில் நின்றுவிட, இவர் விடவில்லை. இன்று பாண்டியில் இவருக்குத்தான் பரீட்சை.

வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்க்கவே கண் கூசுகிறது. செல்வி அதையெல்லாம் கவனிக்கவில்லை. மணிச்சட்டம் இல்லாமலே, கையைத் தூக்கிக் காற்றில் மணிகளைத் தள்ளிப் பழகுகிறார். விரல்கள் படபடக்கின்றன. ஷேர் ஆட்டோ ஒன்று சர்ரென்று வந்து நிற்கிறது.

“ஏறலீங்க, கணக்குப் போடுறேன்,” என்கிறார் செல்வி.

டிரைவர் முறைத்துவிட்டுப் போகிறார்.

“தினமும் இப்படித்தானா?” என்று கேட்கிறேன்.

“ஆமாங்க. வேலை முடிஞ்சி இங்க நின்னுதான் பிராக்டீஸ் பண்ணுவேன். வர்ற பஸ்ஸெல்லாம் நின்னுடும். கண்டக்டருங்ககிட்ட நான் வாங்காத திட்டு இல்ல.”

அதோ, பாண்டி பஸ். செல்வி கையை ஆட்டுகிறார். பஸ் வேகம் குறையவே இல்லை. பதறிப்போய் பையைக் கீழே போட்டுவிட்டு, நானும் இரண்டு கையையும் ஆட்டுகிறேன்.

படியில் நிற்கும் கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கத்துகிறார்: “நிறுத்தாதண்ணே! அபாகஸ் அக்காகூட இன்னொரு ஆளும் சேந்துட்டாரு. ரைட், ரைட்!”