மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையில் என் மகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு என்று எடுத்தால் பத்துப் பதினைந்து சொற்கள் வரும். எங்கள் வீடு நீர்வேலியில். அவளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடமோ யாழ்ப்பாணப் பட்டினத்தில், குருநகர்ப் பக்கமாக இருக்கிறது. முதலில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டோம். அங்கிருந்த அதிபர் மிகவும் அன்பாகத் தேநீர் தந்தார். பிள்ளையை மிகவும் அன்பாகப் பார்த்தார். பிறகு, "இஞ்சை அவவுக்கு வசதி காணாது, ரீச்சர்" என்று மிகவும் அன்பாக எங்களை வெளியே அனுப்பிவைத்தார்.

என்னை ரீச்சர் என்பது நான் பின்னேரங்களில் நெல்லியடியில் உள்ள ஒரு ரியூட்டரியில் இரசாயனவியல் படிப்பிப்பதால். இருநூறு உயர்தர மாணவர்களை ஒரு பார்வையில் அடக்குவேன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயர் காலை ஏழு மணிக்கு எதற்கும் உதவுவதில்லை. கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. விடியவே புறப்பட்டுவிடுவார். ஆகவே பள்ளிக்கூடப் பயணம் முழுவதும் என் தலையில்.

முதலில் ஸ்கூட்டியில் கொண்டுபோனேன். மகள் முன்னால் நிற்பாள். இரண்டாம் நாளே சிக்னல் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டாள். அது டிக் டிக் என்று அடிப்பது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. நான் நேரே போவேன். ஸ்கூட்டி வலப்பக்கம் திரும்பப் போவதாக உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே வரும். கோப்பாய்ச் சந்தியில் ஒரு லொறிக்காரர் தலையை வெளியே நீட்டி, என்னைப் பெற்றவர்களைப் பற்றி எனக்கே தெரியாத சில விடயங்களைச் சொன்னார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து இருபாலையில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, மகள் சாவியைத் திருப்பி ஸ்கூட்டியை நிற்பாட்டினாள். நாங்கள் இருவரும் ஒரு வீட்டு வேலிக்குள் இறங்கினோம். காயமில்லை. மகள் கைதட்டினாள்.

அடுத்தது பள்ளிக்கூட வான். மூன்றாம் நாள் வான்காரரே அவளைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் படலையில் விட்டார். எல்லாப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களையும் வாங்கி, மூடி திறந்து, ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே ஊற்றியிருக்கிறாள். ஒன்றையும் விடவில்லை. நியாயமான பிள்ளை.

"அவ தங்கமான பிள்ளை, ரீச்சர்" என்றார் வான்காரர். "ஆனா மற்றத் தாய்மார் கதைக்கினம்."

"என்ன கதைக்கினம்?"

"அதை நான் என்னெண்டு உங்களுக்குச் சொல்லுறது?" என்று சொல்லிவிட்டுப் போனவர், எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னார்.

பிறகு ஓட்டோ. ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு தண்ணீர்க் குழாய் தாட்பதற்கு வீதியைக் கிண்டிவிட்டார்கள். ஓட்டோக்காரர் ஒரு ஒழுங்கைக்குள் திருப்பினார். வழி மாறினால் என் மகளுக்கு உலகம் மாறிவிடும். அவள் கத்தத் தொடங்கியது கல்வியங்காட்டில். பட்டினம் வரைக்கும் நிறுத்தவில்லை. யாரோ பிள்ளையைக் கடத்துகிறார்கள் என்று நினைத்து ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் மறித்தார்.

"ஆற்றை பிள்ளை?"

"என்ரை பிள்ளை."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

மகள் கத்திக்கொண்டே என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். பொலிஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போங்கோ" என்றார். ஓட்டோக்காரர் அடுத்த நாளிலிருந்து என் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை.

கடைசியில் பஸ். பருத்தித்துறையிலிருந்து நெல்லியடி வழியாக வருகிற பஸ் நீர்வேலிக்கு வரும்போதே மூச்சுவிட இடமிருக்காது. சனம், சத்தம், வேர்வை. இதில் என் பிள்ளை ஐந்து நிமிடம் இருக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். முன்கதவு 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை விட்டுத் திறந்தது. மகளின் முகம் மலர்ந்தது. அவளும் 'ஸ்ஸ்ஸ்' என்றாள். அவ்வளவுதான், பஸ்ஸும் அவளும் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள்.

ஒரேயொரு சிக்கல். அந்தக் கதவை ஒழுங்காகப் பார்ப்பதற்கு பஸ்ஸில் ஒரு இருக்கைதான் உண்டு. முன்கதவோடு இருக்கிற, இரண்டு பேர் இருக்கக்கூடிய இருக்கை. அதற்கு மேலே மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறது: மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது.

மதகுருமார் தினமும் பஸ்ஸில் வருவதில்லை. வருகிறவரைக்கும் அதில் யாரும் இருக்கலாம், வந்தால் எழும்ப வேண்டும். நாங்கள் ஏறுகிற பஸ்ஸில் அந்த ஜன்னலோர இடத்தில் இருந்து வருகிறவர் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். கையில் மடித்த பேப்பர், பொக்கற்றில் இரண்டு பேனை. என் மகள் அவருக்கு முன்னால் போய் நின்று, அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்றாள். இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு எழும்பினார். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு கிழமை அப்படியே போயிற்று. ஆறாம் நாள் அவர் வாய் திறந்தார்.

"பிள்ளை, உது சாமிமாருக்கு ஒதுக்கின சீற். எழுதியிருக்கிறது தெரியேல்லையோ?"

"தெரியுது, மாஸ்டர். நீங்கள் எப்ப சாமியானனீங்கள்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிவந்துபோனார். பிள்ளை வளர்ப்பது பற்றி நல்லூர் வரைக்கும் ஒரு பிரசங்கம் செய்தார். யாழ்ப்பாணத்தில் முருங்கையிலையும் புத்திமதியும் கேளாமலே கிடைக்கும். அந்தப் பஸ்ஸில் அதுவரை நான் வாங்கியிருந்தவை: ஒரு அம்மா சொன்ன காவடி நேர்த்தி, கைப்பையோடு வருகிற ஒரு மிஸ் தந்த செபப் புத்தகம், வல்லாரை, மீன் எண்ணெய், 'இன்னொண்டைப் பெறுங்கோ, இது தானாச் சரிவரும்' என்ற யோசனை. மாஸ்டரின் பிரசங்கத்தையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டேன்.

இப்படியே இருக்கும்போது ஒரு நாள், மழைக்கால வெள்ளிக்கிழமை, கோப்பாயில் உண்மையாகவே ஒரு ஐயர் ஏறினார். இளம் ஐயர். காதில் இயர்போன், தோளில் ஒரு பை. மோட்டார் சைக்கிள் பழுதாம். பட்டினத்தில் ஒரு வீட்டில் திவசமாம். கொண்டக்டருக்கு அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

மாஸ்டருக்கு அன்று தீபாவளி. "ஐயாவுக்கு இடம் விடுங்கோ! எழுப்பு பிள்ளை, உன்ரை மகளை!" என்று பஸ் அதிரக் கூவினார்.

மகளுக்குப் பக்கத்தில் இருந்த நான் எழும்பி என் பாதியை ஐயருக்குக் கொடுத்தேன். மகள் அசையவில்லை. ஐயர் பக்கத்தில் இருந்தார். மகள் கதவை மறந்து அவருடைய கையைப் பார்த்தாள். மேற்கையில் மூன்று திருநீற்றுக் குறி. மழையில் நனைந்து மூன்றாவது கொஞ்சம் கோணியிருந்தது. அவள் விரலை நாக்கில் நனைத்து, அந்த மூன்றாவது குறியை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் அழுத்தித் துடைத்தாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ, அவவுக்கு..." என்று தொடங்கினேன்.

ஐயர் இயர்போனைக் கழற்றினார். தன் கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையை நீட்டினார். "அக்கா, இதிலையும் ஒண்டை அழிக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய நிக்கும்."

மகள் அதையும் அழித்தாள். பட்டினத்தில் இறங்கும்போது ஐயர் கொண்டக்டரிடம், "அண்ணை, உவ எங்கடை ஆள்தான். இருந்திட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, கைக்கு இரண்டு குறியோடு திவசத்துக்குப் போனார்.

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். ஆனால் கொண்டக்டருக்கு அது வசதியாகப் போயிற்று. தினமும் மாஸ்டருக்கும் எனக்கும் நடுவில் நின்று களைத்த மனிதர் அவர். திங்கட்கிழமை நாங்கள் ஏறும்போதே, "சாமியம்மா வாறா, வழி விடுங்கோ!" என்று உரத்துச் சொன்னார். "ஐயரே சொல்லிப்போட்டார், இனி ஒருத்தரும் அந்தச் சீற்றைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

சனம் சிரித்தது. செவ்வாய்க்கிழமை அரைவாசிச் சனந்தான் சிரித்தது. வியாழக்கிழமை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா என் மகளைப் பார்த்துக் கைகூப்பினார். ஐயர் அவளுடைய காலில் விழுந்ததாகப் பருத்தித்துறையில் கதை நடக்கிறது என்று கொண்டக்டர் எனக்குக் காதுக்குள் சொன்னார். பேசாத பிள்ளையாம், பார்வையே வேறையாம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை எனக்கு அது பிடித்திருந்தது. ஆறு வருடமாக என் பிள்ளையைக் கண்டு முகத்தைத் திருப்பினவர்களின் நடுவே, என் பையை வாங்கி மடியில் வைத்தார்கள். எனக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு இடம் தந்தார்கள். மாஸ்டர் மூன்றாவது வரிசைக்குப் போய்ப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கடவுளின் தாய் என்ற உத்தியோகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவளுக்குப் பக்கத்தில் நான் விட்ட இடத்தில் ஒருவரும் இருப்பதில்லை. முதலில் பயந்து தள்ளி நின்றார்கள். இப்போது பக்தியில் தள்ளி நின்றார்கள். பஸ் நிரம்பி வழிய, அவள் தனியே இருந்தாள்.

பிறகு நெல்லியடியிலிருந்து வருகிற ஒரு அம்மா, உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். "சாமியம்மா இதை ஒருக்காத் தொட்டுத் தந்தா காணும். என்ரை மகளுக்குக் கெமிஸ்ரிதான் பயம்" என்றார். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளை. கடைசி வாங்கில் இருந்து தூங்குகிறவள். கெமிஸ்ரி படிப்பிக்கிற நான் பக்கத்தில் நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் வகுப்பும் முடிக்காத என் மகளிடம் கேட்கிறார்!

நான் மறுமொழி சொல்ல முன்னமே அந்த அம்மா குனிந்து மகளின் தலையைத் தொட்டுக் கும்பிட்டார். தலையில் கை படுவது என் பிள்ளைக்கு நெருப்புச் சுட்டதுபோல. அவள் வீறிட்டு, கையை ஓங்கி, அந்த அம்மாவின் கன்னத்தில் பளார் என்று ஒன்று போட்டாள்.

நான் பதறிப்போனேன். அந்த அம்மாவோ கன்னத்தைத் தடவிக்கொண்டு, கண்ணில் நீர் நிற்க, "சாமி அடிச்சாத்தான் நல்லதாம்" என்றார். பின்னாலிருந்து இன்னொரு பெண், "எனக்கும் ஒருக்கா..." என்று எழும்பினார். மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அவள் நடுங்குவதை அத்தனை பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் என் வாய் திறந்தது. ரியூட்டரியில் மைக் இல்லாமல் இருநூறு பேருக்குக் கேட்கிற குரல்.

"எல்லாரும் கேளுங்கோ! இவ சாமியும் இல்லை, பூதமும் இல்லை. இவவுக்கு ஓட்டிசம். கதவு திறக்கிற சத்தம் விருப்பம், அதாலை அந்தச் சீற்றிலை இருக்கிறா. தலையிலை தொட்டா நோகும், அதாலை அடிச்சவ. அவ்வளவுதான். அம்மா, உங்கடை மகளை ஞாயிற்றுக்கிழமை ரிவிஷன் வகுப்புக்கு நித்திரை கொள்ளாமல் வரச் சொல்லுங்கோ. அது போதும்."

பஸ் றைவர் முன்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. ஒரு கடவுளைக் கையிலிருந்து பறித்துவிட்டேனே என்று எனக்கே பாவமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் பேப்பர் தாழ்ந்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்றார் மாஸ்டர். என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த தரிப்பில் பஸ் நின்றது. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிற ஒரு அக்கா, பெரிய கதலிக்குலை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினார். வழக்கமாக இதற்கு முந்தின பஸ்ஸில் போகிறவராம். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் வெறுமையாக இருந்தது ஒரே இடம். என் மகளுக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்தார்.

"பெட்டை, காலை எடு. குலை வைக்கவேணும்."

மகள் கத்துவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். காலை எடுத்தாள். குலை அவளுடைய முழங்காலோடு சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய கை மெல்லப் போய் ஒரு பழத்தைத் திருகியது.

"ஏய்! கையை எடு! விக்கிற சாமான்!"

நான் விளக்கம் சொல்லப் போனேன். "அக்கா, அவவுக்கு..."

"என்னவாயிருந்தாலும் பழத்தைத் திருகக் கூடாது" என்றார் அவர், என்னைத் திரும்பியும் பாராமல். மகள் கையை எடுத்தாள். நான் பத்துத் தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அக்காவுக்கு இந்தப் பஸ்தான் வசதி என்று ஆயிற்று. குலை வைக்க ஆள் இருக்கிறதல்லவா. தினமும் இருவருக்கும் சண்டை. மழைக்கு ஷட்டரை இறக்க வேண்டும் என்பார் அவர். என் மகள் ஏற்றுவாள். அவர் இறக்குவார். அவள் ஏற்றுவாள். இருபாலை தாண்டும்போது இரண்டு பேரும் நனைந்திருப்பார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில் குத்த, மற்றச் சனத்தோடு சனமாக நிற்பேன். எனக்கு ஒருவரும் இடம் தருவதில்லை. பையை நானேதான் தூக்குகிறேன்.

நேற்று அந்த அக்கா இறங்குவதற்கு எழும்பும்போது என்னைப் பார்த்து, "உன்ரை மகள் சரியான பிடிவாதக்காரி, பிள்ளை" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். "தகப்பன்ரை குணம்."