பேனர் அக்கா வரைந்த பொத்தான்

பேனர் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். கல்யாணமோ கடைத் திறப்போ, பேனர் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போடுவது அவர்தான். தொழிலில் புலி. புலியை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார், ஆர்டர் வந்தால்தானே? "மாசக் கடைசியோட கடையை மூடிடலாம்னு இருக்கேம்மா" என்று ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

செல்போன் செயலிகள் செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அக்கா அங்கே போனார். மேனேஜரம்மா படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வயசானவங்க தாங்களாவே டாக்டர்கிட்ட நேரம் வாங்குற மாதிரி போன் திரைகளை வரைஞ்சு கொண்டு வாங்க. நல்லா இருந்தா வேலை உங்களுக்கு" என்றார்.

வீட்டில் இருந்தது, திறந்தாலே பெருமூச்சு விடும் பழைய லேப்டாப். தேடியதில் பிரவுசரிலேயே ஓடும் டிசைன் கருவி ஒன்று அகப்பட்டது. முழுக்க இலவசம். அதன் நிரலைக்கூட யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாமாம். சும்மா கிடைப்பதில் ஏதாவது வில்லங்கம் இருக்குமே என்று துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சரியென்று இறங்கிவிட்டார்.

முதல் திரையை முடித்து மாமியாரிடம் காட்டினார். மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம், பார்வை கொஞ்சம் மங்கல்.

"என்னம்மா இது, சந்தைக்கடை மாதிரி? இதுல நான் எங்கே அமுக்கணும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கிழவி சொன்னதில் தப்பில்லை. "இங்க காலியா இருக்கே, ஏதாவது போடுங்க" என்று பேனர் போட வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு, வெற்றிடத்தைக் கண்டாலே அக்காவுக்குக் கை அரிக்கும். டாக்டர் படம், பூ, வானவில் நிறம், பளபள எழுத்து என்று மூலைமுடுக்கெல்லாம் அடைத்து வைத்திருந்தார். பேனர் என்றால் சும்மா பார்த்தால் போதும். திரையில் விரல் வைக்க வேண்டுமே!

எல்லாவற்றையும் அழித்தார். திரைக்கு ஒரு கேள்வி, கீழே ஒரே ஒரு பெரிய பொத்தான். நிறம் பிடிக்காமல் ஒவ்வொரு திரையாகப் போய் மாற்றிக்கொண்டிருந்தவர், ஒரு பொத்தானை மூலமாக வைத்து அதை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் என்று கண்டுபிடித்ததும், "அடக் கொடுமையே, இது தெரியாம இவ்வளவு நேரம் மாரடிச்சேனே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பொத்தானைத் தொட்டால் அடுத்த திரை வரும்படி எல்லாவற்றையும் கோத்தார். போனில் திறந்தால் நிஜச் செயலியே தோற்றுப்போகும். போனை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது, மாமியார் தலை சீவி, பையை மாட்டி, செருப்போடு வாசலில் நின்றார்.

"எங்கே அத்தை கிளம்பிட்டீங்க?"

"கண் டாக்டர்கிட்ட. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கு. உன் போன்ல நானேதான் நேரம் வாங்கினேன். உன் புருஷன் வரட்டும், வரட்டும்னு எத்தனை மாசம் காத்துக் கிடக்கிறது?" முகத்தில் அப்படியொரு பெருமை.

அக்காவுக்குப் பகீரென்றது. "ஐயோ அத்தை, அது வெறும் படம். அமுக்கினா அடுத்த படம் வரும், அவ்வளவுதான். டாக்டருக்கு ஒண்ணும் போகாது."

மாமியார் முகம் சுண்டிப்போனது. குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடையை மூடப்போகிறார்கள் என்று கேட்டபோதுகூட மனசு இவ்வளவு வலிக்கவில்லை.

"கழட்டாதீங்க அத்தை." அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மதியத்துக்கு நேரம் வாங்கினார். "முதல்ல என் ஆபீஸ், அப்புறம் உங்க டாக்டர். வாங்க."

மேனேஜரம்மா திரைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. வயசானவங்களுக்குப் புரியுமா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "நம்பிச் செருப்பு மாட்டிக்கிட்டு நின்னேனேம்மா, இன்னும் என்ன புரியணும்? இவளை வேலைக்குச் சேர்த்து, முதல்ல அதை நிஜமாக்கச் சொல்லுங்க."

மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே போனை அவரிடம் நீட்டினார். மாமியார் யாரையும் கேட்காமல் கடைசித் திரைவரை போய், நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க" என்றார் மேனேஜரம்மா.

படியிறங்கும்போது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் அதைக் கண்டுகொள்ளவில்லை. "எப்போ நிஜமாகும்?" என்றார்.

"சீக்கிரமே அத்தை."

"அப்போ அடுத்த தடவை நானே வாங்கிக்கிறேன். நீ குறுக்கே வராதே."