எழுவாய் இல்லாத வாக்கியம்

1931 அக்டோபர் 12, திங்கட்கிழமை. கொல்லம் ஆண்டு 1107, புரட்டாசி 26. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. பல் விளக்கி, ஜெபம் முடித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஆறு மணி முதல் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் பதினெட்டு திருத்தினேன். ஏழேகாலுக்குக் குளியல். எட்டு மணிக்குச் சமையலறைக் கதவருகே ஆணியில் தொங்கும் சிலேட்டைப் பார்த்தேன். என் மனைவி ஐந்து மணிக்கே முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் எழுதி வைத்திருந்தது: "கஞ்சி அடுப்பின்மேல் உள்ளது. துவையல் உறியில் உள்ளது. மாலை வரத் தாமதமாகும்." பிழை எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு 'சரி' போட்டுவிட்டு, கஞ்சி குடித்து, எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.

அன்றைய டைரியில் பகல்வரை எழுதியிருப்பது இவ்வளவுதான். பதினெட்டு நோட்டுகளில் இருந்த பிழைகளைவிட அந்த ஒரு 'சரி'தான் பெரிய பிழை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்போது நான் இராஜாக்கமங்கலம் ரோட்டில் ஒரு மிஷன் நடுத்தரப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். என் மனைவி நாகர்கோவிலில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பிரசவ வார்டு அவள் பொறுப்பு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். மகள்கள் இரண்டு பேரும் போர்டிங்கில் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் போகும்போது நான் தூங்குவேன். அவள் வரும்போது நான் வேதபாட வகுப்பிலோ ஆசிரியர் கூட்டத்திலோ இருப்பேன். அதனால்தான் சிலேட்டு. அந்த யோசனை என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

முதல் மூன்று வருடம் சிலேட்டில் அவள் பேசினாள். எழுதினாள் என்று சொல்ல முடியாது. அவள் மேற்கே விளவங்கோட்டுக்காரி; நான் பூதப்பாண்டியில் பிறந்தவன். அவள் பேச்சில் ஒரு ராகம் இருக்கும். அந்த ராகம் எப்படியோ சிலேட்டிலும் ஏறிவிடும். "அடுப்புல கனல் கெடக்கு, ஒரு ஊத்து ஊதுங்க, ஆறின கஞ்சி ஒங்களுக்கு எறங்காது" என்று ஒருநாள். "பூனை எனக்க செருப்புல குட்டி போட்டிருக்கு. நாலு. பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடல்ல, அதுவே பாத்துக்கிட்டு" என்று இன்னொரு நாள். கீழே நான் "சரி", "பார்த்தேன்" என்று எழுதுவேன். நல்ல வரிகளை டைரியில் பெயர்த்து எழுதிக்கொள்ளவும் செய்வேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலை நாலரைக்குப் பள்ளியின் இரண்டாம் வாத்தியார் கணக்குக் கேள்வித்தாள் வாங்க வீட்டுக்கு வந்தார். நான் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சிலேட்டைப் படித்துவிட்டார்.

"இதென்ன சார், ஆஸ்பத்திரிச் சுவருல 'இங்கே துப்பக்கூடாது'ன்னு எழுதிப் போட்ட கணக்கா இருக்கு. நர்ஸம்மா அங்க எழுத வேண்டியத மறந்துபோய் இங்க எழுதிட்டாவளா?"

நானும் சிரித்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகு மறுபடி சிலேட்டைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. உள்ளது, உள்ளது, தாமதமாகும். இது அவள் கையெழுத்து. அவள் பேச்சு இல்லை. இது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை டைரியில் பார்ப்பதுதான் என் வழக்கம். பின்னோக்கிப் புரட்டினேன். அக்டோபரில் அவள் பேச்சு ஒரு வரிகூட இல்லை. செப்டம்பரில் இல்லை. ஆகஸ்டில் இல்லை. ஜூலை 21, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நின்றேன். "நோட்டுகள் இருபத்திரண்டு. சிலேட்டில் ஒரு வாக்கியம் திருத்தினேன்" என்று எழுதியிருந்தேன்.

அது எந்த வாக்கியம் என்று நினைவுக்கு வந்தது.

அந்த ஜூலையில் ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சுகளுக்குக் காய்ச்சல். இவளுக்கு இரட்டை வேலை. எனக்குப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். ஒன்பது நாள் நாங்கள் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு பார்க்கவில்லை. பத்தாம் நாள் காலை சிலேட்டில் கஞ்சியைப் பற்றியோ துவையலைப் பற்றியோ எதுவும் இல்லை. ஒரே வரி: "எனக்கு உங்களத் தேடுது."

எங்கள் ஜில்லாவில் இதற்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. தாயைப் பிரிந்த பிள்ளைக்குத் தாயைத் தேடும். புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டைத் தேடும். யாரும் எழுந்து போய்த் தேடுவதில்லை, தானாகத் தேடும். பொருள் எனக்கும் தெரியும். ஆனால் இருபத்திரண்டு நோட்டுகள் திருத்திய சூட்டில் இருந்த கை, 'தேடுது' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பக்கத்தில் "எழுவாய் எங்கே?" என்று எழுதியது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து சிலேட்டில் எழுவாயும் பயனிலையும் ஒழுங்காக வந்தன. மனைவிக்குத் தமிழ் திருந்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சண்டை போட்டிருந்தால் அது டைரியில் ஏறியிருக்கும். அவள் சண்டை போடவில்லை. மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். எண்ணிப் பார்த்தேன்: எண்பத்து மூன்று நாள். அந்தக் கதவு இனித் திறக்குமா என்ற பயம் அப்போதுதான் பிடித்தது.

ஆறு நாற்பதுக்கு அவள் மழையில் நனைந்து வந்தாள். ஏழு மணிக்கு எனக்கு வேதபாட வகுப்பு. புறப்படாமல் நிற்பதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஜூலை இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன் என்றேன். அன்று என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, அது பழைய கதை, தப்பென்றால் தப்புதானே என்றாள். நான் நகரவில்லை. அப்புறம்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலையில அத எழுதிவச்சிட்டுப் போனேன். என்ன பதில் எழுதியிருப்பியளோன்னு நெனச்சி நெனச்சியே அன்னைக்கு மூணு பிரசவம் பாத்தேன். ஓடி வந்து பாத்தா, எழுவாய் இல்லையாம். தேடுறது ஆருன்னு சாருக்குத் தெரியாதாக்கும்?"

என்னிடம் இருந்தது கல்லுக்குச்சி மட்டும். சிலேட்டை எடுத்துத் துடைத்து எழுதி அவளிடம் நீட்டினேன்: "எனக்கு உன்னைத் தேடுகிறது."

அவள் விளக்கடியில் பிடித்துப் படித்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது, காணாமப் போன மாட்டத் தேடுற கணக்கால்லா இருக்கு."

குச்சியை என் கையிலிருந்து பிடுங்கினாள். 'உன்னை' மேல் வட்டம் போட்டு 'ஒன்ன' என்று திருத்தினாள். 'தேடுகிறது' மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அடியில் "பத்துக்கு மூணு" என்று மதிப்பெண் போட்டு, வேறே எழுதச் சொன்னாள். எழுதினேன். ஐந்து கொடுத்தாள். "இன்னும் பள்ளிக்கூட வாடை அடிக்கி" என்றாள். மூன்றாம் முறை எழுதியதற்கு மதிப்பெண் போடவில்லை. சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறியவன் நான். அன்று கிடைக்காத வெற்றி அந்தப் 'பத்துக்கு மூணு'வில் கிடைத்தது. வேதபாட வகுப்பு தொடங்கிய நாள்முதல் ஒருமுறைகூடத் தவறாதவன், அன்று தவறினேன். எண்பத்து மூன்று நாளாக அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது: நாலு பூனைக்குட்டியில் ஒன்று பஸ் கண்டக்டர் வீட்டுக்குப் போனது, பெரிய டாக்டரம்மாவின் வெள்ளைக்காரத் தமிழ், இரட்டைப் பிள்ளை பெற்றவள் இரண்டாவதை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அடம் பிடித்தது. நான் நடுவில் எதையும் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும் இன்று 1938. அந்த நாளுக்குப் பிறகு என் டைரியில் அவள் வரி இல்லாத பக்கம் இல்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். மகள்கள் லீவுக்கு வந்தால் சிலேட்டைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திங்கட்கிழமை வேதபாட வகுப்பை வேறொருவர் நடத்துகிறார், என்னைவிட நன்றாகவே நடத்துகிறார். வேலை இருவருக்கும் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தோற்றவர் யாருமில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்த காரியம் இது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் டைரி இப்படித் தொடங்குகிறது: 1931 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. காலை நாலரைக்கு, அவள் எழுந்தபோதே நானும் எழுந்தேன். முதல் வேலையாக அவளோடு கிணற்றடிக்குப் போனேன். தண்ணீரை அவள் சொல்லும்படியே எழுதுகிறேன்: அவள் வெள்ளம் கோரினாள், நான் சுமந்தேன். ஐந்து குடம்.