ஏடனுக்குத் திரும்பாத பெண்

உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பு நான் வேலூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை பார்த்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவனுக்கு அது பெரிய உத்தியோகம். பிற ஆண்களுக்கு முகம் காட்டாத கோஷா பெண்கள் வந்தால் நடுவே ஒரு திரை கட்டுவார்கள். உள்ளே நோயாளியும் வெள்ளைக்கார டாக்டரம்மாவும். வெளியே முக்காலியில் நான். என் பக்கத்தில் அந்தப் பெண்ணோடு வந்த ஆண்பிள்ளை. இருவர் பேசுவதையும் இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றி நான் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஆம்பூரிலிருந்து ஒரு பெண் தன் அண்ணனோடு வந்தாள். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அவளை ஏடனில் தோல் வியாபாரம் செய்யும் ஓர் அரபுக்காரருக்கு நிக்காஹ் செய்து கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளை அடுத்த கப்பலில் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அவளுடைய இடது கை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

எப்படி முறிந்தது என்று டாக்டரம்மா கேட்டார்கள்.

"அவருதான். ரெண்டு வாட்டி. நான் அந்த ஆள விடணும்," என்றாள்.

டாக்டரம்மாவுக்குக் குரலே மாறிவிட்டது. அரபு தேசத்தில் பெண்கள் அடிமைகள்தான் என்றார்கள். எங்களிடம் வந்து தங்கு, ஞானஸ்நானம் எடுத்தால் அந்தக் கல்யாணம் தானாகவே முறிந்துபோகும், என் தேசத்துப் பத்திரிகையில் உன் கதையை எழுதுகிறேன் என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நானும் நல்ல காரியம் என்று நினைத்து, ஆராதனையில் வேதம் வாசிப்பதுபோல அத்தனையையும் உரக்கச் சொன்னேன். அண்ணன் பக்கத்தில் இருப்பதை யோசிக்கவே இல்லை.

அவர் விருட்டென்று எழுந்தார். "இன்னாய்யா, மருந்து குடுப்பீங்கன்னு இட்டாந்தா மதம் மாத்துறீங்களா? ஏந்திரிம்மா, போலாம்!"

கிளம்புமுன் திரைக்குள்ளிருந்தே அவள் என்னிடம் சொன்னாள்: "ஐயா, நான் அல்லாவ விடணும்னா கேட்டேன்? அந்த ஆள விடணும்னுதான் கேட்டேன். எங்கள்ல பொம்பளையே கேட்டு வாங்குற விடுதல, குலான்னு இருக்குது. காஜியாரு சாட்சி கேக்குறாரு. என் கையில பாத்தத அந்தம்மா ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தா போதும்."

அவர்கள் போனபிறகு அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். தன் சித்தி ஒருத்தியும் இப்படி அடிபட்டவள்தான், தங்கள் ஊர்க் கோர்ட்டு அவளைப் புருஷனிடமே அனுப்பியது, அவளை யாரும் மதம் மாறச் சொல்லவில்லை என்றார்கள். பிறகு ஒரு தாளை எடுத்தார்கள். எலும்பு இரண்டு தரம், வேறு வேறு சமயத்தில் முறிந்திருக்கிறது. இன்னொரு அடி பட்டால் கை உதவாது. இவ்வளவுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் ரயிலேறி ஆம்பூர் போனேன். ஷாப்பு வாசலில் என்னைக் கண்டதும் அண்ணன், "டேய், தண்ணி தெளிக்க ஆளு வந்துட்டாரு! எல்லாரும் தோல் ஊறுற தொட்டியில எறங்கி நில்லுங்க!" என்று கத்தினார். உள்ளே ஒரே சிரிப்பு. நான் கடிதத்தைப் பிரித்துத் தமிழில் சொன்னேன். இரண்டு தரம் என்ற இடத்தில் அவர் முகம் விழுந்துவிட்டது. "மொத வாட்டி ஒடஞ்சி வந்தப்ப, நான்தான்யா சமாதானம் சொல்லிக் கப்பலேத்துனேன்," என்றார்.

அவரே என்னைக் காஜியாரிடம் அழைத்துப்போனார். நிக்காஹில் புருஷனிடம் மஹராக வாங்கியதைத் திருப்பித் தருவாயா என்று காஜியார் அவளைக் கேட்டார். "வளையல அப்பவே கழட்டிட்டேன் ஹஸரத்," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. ஆனால் புருஷன் சம்மதமும் வேண்டுமே. ஜமாத் பெரியவர்கள் பாதிப் பேர், ஏடனிலிருந்து அவர் அனுப்பும் தோலைப் பதனிடும் ஷாப்பு முதலாளிகள். கடிதத்தின் நகலோடு ஏடனுக்கு எழுதினார்கள்: பதில் வரும்வரை உங்கள் தோல் எங்கள் தொட்டியில் இறங்காது.

மூன்று கப்பல் வந்து போயிற்று. நாலாவது கப்பல் தபாலில் சம்மதம் வந்தது.

பேர் போடாமல் இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டுவர டாக்டரம்மா என்னை அனுப்பினார்கள். "எழுதட்டும்," என்றாள் அவள், குழந்தையைத் தட்டிக்கொண்டே. "கைய ஒடச்சான்னு மட்டும் எழுதி நிறுத்திடப் போறாங்க. விடுதல வாங்கிக் குடுத்தது எங்க காஜியாருன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க."

டாக்டரம்மா அப்படியே எழுதினார்கள். பத்திரிகை கப்பலில் வந்தபோது முகம் வாடி என்னிடம் காட்டினார்கள். முறிந்த கை இருந்தது, காஜியாரைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். விட்டுப்போனது உங்களுக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.