பின்னால் யாரும் இருக்கக் கூடாது

அவளுக்கு முகம் பார்த்துச் சம்பளம். ஜோசியம் அல்ல. வீட்டில் உட்கார்ந்து கணினியில் பரீட்சை எழுதுகிறவர்களை, அவர்களுடைய வெப்கேம் வழியாகக் கண்காணிக்கிற நிறுவனம் ஒன்றில் வேலை. அந்த வேலையையும் அவள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். கூட வேலை பார்க்கிறவர்கள் 'கழுகு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒரு காலத்தில் வெப்கேம் என்றால் மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் தவளை. வெளிநாட்டு மச்சானிடம் "தெரியுதா, தெரியுதா?" என்று கத்துவதற்குத்தான் அது பயன்பட்டது. மச்சானும் "தெரியல, தெரியல" என்று கத்துவார். உறவுகள் நன்றாக இருந்தன. பிறகு உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் ஒன்று வந்தது. தவளை மிளகு அளவுக்குச் சுருங்கி மடிக்கணினிக்குள் குடிபுகுந்தது. வகுப்பு, வைத்தியம், வேலைக்கு ஆள் எடுப்பது, வேலையிலிருந்து ஆளை எடுப்பது, எல்லாம் அந்த மிளகின் முன்னால்தான். மனித குலம் மேலே இஸ்திரிச் சட்டை, கீழே அரை டிராயர் என்று இரண்டாகப் பிரிந்தது. அக்காவுக்கு மேல்பாதி போதும்.

பரீட்சை தொடங்குமுன் எழுதுகிறவர் கேமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி.

"நாலு சுவரும் காட்டுங்க. மேசைக்குக் கீழ. கதவுக்குப் பின்னாடி. கட்டிலுக்கு அடியில யாரு?"

"பூனை மேடம்."

"வெளிய அனுப்புங்க."

"அதுக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அனுப்புங்க."

காப்பியடிக்கிறவனைக் கண்தான் காட்டிக்கொடுக்கும் என்பது அக்காவின் கட்சி. பதிலை யோசிக்கிறவனின் கண் எங்கெங்கோ அலையும். பதிலைப் பார்க்கிறவனின் கண் ஒரே இடத்துக்குப் போய்ப் போய் வரும். அந்த இடத்தில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும், அல்லது ஓர் ஆள் இருப்பான்.

கண்காணிக்கிறவரின் அறைக்கும் விதி உண்டு: வேறு ஆள் கூடாது, சத்தம் கூடாது. இதில்தான் சிக்கல். அக்காவின் கணவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற மைக்செட்காரர். அவர் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்ப்பதற்கு மைக்கே தேவையில்லை என்று தெருவில் சொல்வார்கள். ஒருநாள் பரீட்சை நடுவே அவர் தும்மினார். எழுதிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்ப் புகார் கொடுத்துவிட்டாள். அக்காவை மேலிடம் எச்சரித்தது. அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கியது. செருப்பு வாசலோடு சரி. கதவுக் கீல்களுக்கு எண்ணெய். டிவி ஊமைப்படம். இருமல் வந்தால் மொட்டைமாடி.

மைக்செட்காரர் கெட்டிக்கார மாணவர். சில மாதங்களில் அலமாரியைத் திறந்தாலும் சத்தமில்லை, மூடினாலும் சத்தமில்லை. அக்காவின் கைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு வரும். சாப்பிட்டு முடித்தால் தட்டு இருக்காது. "எங்க வீட்டுக்காரர் இருக்கிற இடமே தெரியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தாள்.

திரையின் ஓரத்தில் அவளுடைய முகமும் ஒரு கட்டத்தில் தெரிந்துகொண்டிருந்தது. சொந்த நரையை நாள் முழுக்க யார் பார்ப்பது? அந்தக் கட்டத்தை மறைத்துவைத்தாள்.

இவர்களுக்கு ஒரே மகள், வேறொரு ஊரில் வேலை. சாயங்காலம் அக்காவின் வேலை முடிந்ததும் அதே மேசைக்கு, அதே கேமராவுக்கு அழைப்பாள். பின்னணியை மங்கலாக்கி வைத்திருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், துணி மடித்து வைத்திருக்க மாட்டார்கள் என்று அக்கா விட்டுவிட்டாள். ஒருநாள் தொழில் கண் விழித்துக்கொண்டது.

"சாப்பிட்டியா?"

மகளின் கண் ஓரமாகப் போய் வந்தது. "சாப்பிட்டேம்மா."

"வேலையெல்லாம்?"

மறுபடி ஓரம். "நல்லா போகுது."

"ஒரு தடவை வந்துட்டுத்தான் போயேன்டி."

இந்த முறை கண் அந்த ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. யாரோ எதையோ சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதுபோல. "இல்லம்மா. இப்ப முடியாது."

அக்கா முடிவு கட்டிவிட்டாள். அந்த அறையில் ஆள் இருக்கிறது. தன் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் கேள்வியை மாற்றிக் கேட்டாள், திடீரென்று கேட்டாள், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டாள். கண் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குப் போய் வந்தது. கணவரிடம் சொல்லலாமென்று பார்த்தால் ஆள் எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. கத்திக் கூப்பிடும் பழக்கம் அந்த வீட்டில் எப்போதோ போய்விட்டிருந்தது.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ரூமைக் காட்டு."

"என்னம்மா, நான் என்ன பரீட்சையா எழுதறேன்?"

"அந்த மங்கலை எடுத்துட்டுக் காட்டுடி. நாலு சுவரும்."

மகள் பெருமூச்சு விட்டுக் கணினியைத் தூக்கினாள். சுவர். சன்னல். கட்டில். கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் கட்டிவைத்த ஒரு பெட்டி. ஆள் இல்லை. கணினி மேசைக்குத் திரும்பியது.

"பெட்டி எதுக்கு?"

கண் ஓரத்துக்குப் போனது. "சும்மாதான்."

அறை காலி. ஆனாலும் கண் போகிறது. அப்படியானால் அவள் பார்ப்பது அறையில் இல்லை, திரையில். அந்தத் திரையில் இருப்பது நான்.

"நீ எங்கடி பாக்கறே?"

"உன்னைத்தாம்மா."

"என்னைப் பாக்கறவ கண்ணு நடுவுல இருக்கும். எனக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

மகளின் கண் மறுபடி அந்த ஓரத்துக்குப் போனது. திரும்பிப் பார்க்க அக்காவின் கழுத்து ஒத்துழைக்கவில்லை. கை மட்டும் சுட்டியை நகர்த்தி, மறைத்துவைத்த கட்டத்தைத் திறந்தது. முதலில் தெரிந்தது அவளுடைய முகம். நினைத்ததைவிட வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் பாதி திறந்த கதவு. கதவிடையில் மைக்செட்காரர் நின்றார். உயர்த்திய உள்ளங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடியது. வராதே, வராதே.

"ஆபீஸ்ல இனிமே வீட்டிலிருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றாள் மகள். "நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னுதான் பெட்டி கட்டினேன். அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். அன்னைக்கிலேருந்து தினமும் நீ பேசும்போது பின்னாடி வந்து நிக்கிறார். வராதேன்னு கையாட்டறார், உங்கிட்ட சொல்லாதேன்னு தலையாட்டறார்."

அக்கா இப்போது திரும்பினாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவர் நின்றார். மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

"ஏங்க, பெத்த பொண்ணு வீட்டுக்கு வந்தா உங்களுக்கு என்ன? வாயைத் திறந்து சொல்லுங்க."

திறந்தார். உதடுகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒழுங்காகக் குவிந்து விரிந்தன. நாக்கு புரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அக்காவின் விரல் தன்னையறியாமல் கணினியின் ஒலியைக் கூட்டியது. கூடியது மகளின் குரல்தான்.

"அப்பா பேசி ரொம்ப நாளாச்சும்மா. போன்லகூட எழுதித்தான் அனுப்புவார். கூட இருக்கிற உனக்குத் தெரியாதா?"

அவர் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அக்கா தேடிப் பார்த்தாள். தும்மல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"இப்ப நீயே சொல்லும்மா. வரட்டுமா? உள்ரூம்ல ஒரு மேசை போட்டுக்கறேன். நாள் முழுக்க மீட்டிங்தான். வீடு அமைதியா இருந்தாப் போதும்."

அக்கா அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப வேண்டாம்டி," என்றாள்.

"சரிம்மா." மகள் உடனே சொல்லிவிட்டாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அக்கா கவனிக்கவே செய்தாள். தொழில் அப்படி.