ஒயர் போன கிட்டாரும் சம்பந்தி மாமாவும்

என் அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். நின்ற இடத்தில் நிற்க அவருக்கு வராது. பல் தேய்ப்பதற்குள் வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை போய்விடுவார். அப்படிப்பட்டவர் கையில், சென்னையில் வீட்டைக் காலி செய்த நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் கிட்டார் ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

அதில் தந்தி கிடையாது. கழுத்தில் ஐந்து நிறத்தில் ஐந்து பட்டன். தந்தி இருக்க வேண்டிய இடத்தில், மேலும் கீழும் தட்டுவதற்கு ஒரு பட்டை. வீடியோ கேம் ஆடுவதற்கானது. திரையில் நிறப்புள்ளிகள் பாட்டோடு இறங்கி வரும். அதே நிறத்துப் பட்டனை அழுத்திக்கொண்டு சரியான நொடியில் பட்டையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் பாவா ஒரு காலைத் தூக்குவார், தலையை ஆட்டுவார், சோபாவைச் சுற்றி வருவார். கிட்டாரின் ஒயர் லேப்டாப்பிலும், லேப்டாப் டிவியிலும் மாட்டியிருக்கும். அவர் ஒரு எட்டு பின்னால் போனால் லேப்டாப் ஒரு எட்டு முன்னால் வரும். மூன்றாவது முறை அது கீழே விழுந்தபோது, "இனிமே இந்த ஊட்ல ஒண்ணு ஒயர் இருக்கணும், இல்ல உங்க பாவா இருக்கணும்" என்றாள் அக்கா.

ஒயரை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. திருத்தணியில் அக்கா வீட்டில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். போனுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்து, பற்றவைப்பில் தப்பு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. ஆறு வருடமாக அடுத்தவர் பற்றவைத்ததில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான். டிப்ளமோ படித்தபோது பிடித்ததோடு சரி, அதற்குப் பிறகு பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை ஒருநாளும் தொட்டதில்லை.

அயர்னும் ஒரு பழைய போன் பேட்டரியும் வாங்க ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"கிட்டாருக்கு பேட்டரியா? போட்டா அதுவே பாடிகினு இருக்குமா?" என்று சிரித்தவர், நல்ல பேட்டரியாகத் தேடித்தான் கொடுத்தார். கம்பெனியில் கூட வேலை செய்யும் தோழி மூலமாகத் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் போர்டு வரவழைத்திருந்தேன்.

சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். கிட்டாரைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் காலி இடம். பழைய ஒயரை வெட்டும்போது பாவா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு பட்டனிலிருந்தும், தட்டும் பட்டையிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பியைப் போர்டுக்கு இழுத்துப் பற்றவைத்தேன். முதல் பற்றவைப்பைப் பார்த்தால் நானே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். அதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஐந்தாவது பளபளவென்று சீராகப் படிந்து உட்கார்ந்ததும், அக்காவைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்து காட்டினேன். "நல்லாருக்குடி, இன்னாது அது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கிட்டார் தன்னை ஒரு கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும்படி போர்டுக்குள் ஒரு புரோகிராம் எழுதி ஏற்றினேன். ஐந்து பட்டனுக்கும் கீபோர்டின் நடு வரிசையில் இடது பக்கம் இருக்கும் ஏ, எஸ், டி, எஃப், ஜி என்ற ஐந்து எழுத்துகள். பட்டையைத் தட்டினால் எண்டர். வேலை செய்கிறதா என்று என் போனோடு இணைத்துப் பார்த்தேன். எழுத்து விழுந்தது. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு காலை, லேப்டாப்போடும் இணைத்துப் பாவா கழுத்தில் மாட்டிவிட்டேன். பாட்டு ஓடியது, புள்ளிகள் இறங்கின. பாவா தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பலமா தட்டுங்க பாவா."

தட்டினார். எல்லா பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்தினார். நான் லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். சமையலறையிலிருந்து அக்கா அலறினாள்.

"அய்யோ, போனுக்கு இன்னாடி ஆச்சு?"

அது என் போன். அக்காவின் போன் சார்ஜில் இருந்ததால் என்னுடையதை எடுத்திருந்தாள். பாவாவின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிய நேரம். என்னையும் உட்பட இரண்டு வீட்டாரையும் சேர்த்துப் போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார்கள். அதில் புடவை நிறத்தைப் பற்றிப் பதில் எழுத உட்கார்ந்தவள், பால் பொங்கவே போனை அப்படியே மேடையில் வைத்துவிட்டாள். கிட்டாரோ நேற்றுப் பழகிய என் போனைத்தான் போய்ப் பிடித்திருந்தது. பாவா அழுத்தியதெல்லாம் எழுத்தாக விழுந்து, தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செய்தியாகப் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும்!

பாவா கிட்டாரோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவை நினைத்தால் அவருக்கு ஏற்கெனவே நடுக்கம். பெண் பார்க்க வந்த அன்று அந்த மனிதர் பேசியது மொத்தமே "ஆங்", "சரிங்க" இரண்டும்தான். நான் அவசரமாக எல்லாவற்றையும் அழித்து, 'தவறுதலாக வந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று போட்டேன். அதற்கு மேலேயே அவரிடமிருந்து ஒரு பதில் வந்து கிடந்தது: 'கவலை வேணாம். எடுத்துகினு வரேன்.'

"இன்னாத்த எடுத்துகினு வராரு?" என்றார் பாவா.

"பொடவ சாம்பிளா இருக்கும்" என்றாள் அக்கா.

அவருக்கு மூன்று முறை போன் செய்தோம். எடுக்கவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, போனில் கிட்டாரின் இணைப்பை நீக்கிவிட்டு லேப்டாப்பில் மட்டும் வைத்தேன். பாவா மனமில்லாமல் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் பச்சைப் புள்ளி படாரென்று வெடித்தது! அடுத்தது சிவப்பு. கூடத்தின் கடைசிக்குப் போய்த் தட்டினார், வெடித்தது. வாசல்படியில் நின்று தட்டினார், வெடித்தது. சம்பந்தியை மறந்தார், எங்களையும் மறந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சோபா மேலேயே ஏறிவிட்டார். நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் மொபெட் நின்றது. பக்கத்து ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சமையல் கேஸ் சிலிண்டர், கயிறு போட்டுக் கட்டியது.

பாவா சோபா மேல் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

"வாங்க மாமா" என்றது குரல். கால் இன்னும் இறங்கவில்லை.

"கேஸுனு போட்டிருந்தீங்களே" என்றார் அவர். "இங்கிலீஸ்ல. மூணு வாட்டி. தீந்து போயி அவசரத்துல அடிக்கிறீங்கனு நெனச்சேன். எங்க ஊட்ல ஒண்ணு சும்மா இருந்துது."

ஜி, ஏ, எஸ். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நான்தான் நின்று, சிரிப்பை விழுங்கி விழுங்கி, நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பாவாவிடமிருந்து கிட்டாரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஒயரு?"

"வெட்டிட்டேங்க."

"நீயா பண்ண?"

"ஆங்."

கழுத்தில் மாட்டிக்கொண்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முதுகு நேராக. முதல் பாட்டில் ஒரு புள்ளிகூட அவருக்கு வெடிக்கவில்லை. இரண்டாவதில் ஒன்று வெடித்தது. அந்த மனிதர் "ஹே!" என்றார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மூன்றாவது பாட்டில் அவர் பட்டையை அடித்த அடியில் உள்ளே ஒரு கம்பி பிய்ந்துகொண்டது.

"ஒட்சிட்டேனா?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

"இல்லீங்க, அஞ்சு நிமிஷம்" என்று அயர்னைச் சூடு பண்ணினேன். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சிரிப்பையும் மூச்சையும் அடக்கித்தான் கம்பியைப் பற்றவைத்தேன். புகை ஒரு கீற்று எழுந்து அடங்கியது. ஊதிவிட்டுப் பார்த்தேன். எந்த லென்ஸில் வைத்தாலும் தேறும்.

"இப்ப என் டர்ன் மாமா" என்றார் பாவா.

"இருப்பா, பாதி பாட்டுல வுட்டேன்" என்று அவர் கிட்டாருக்குக் கையை நீட்டினார்.